குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பாடு: முதல் வாய்க் கஞ்சியிலிருந்து விருந்து இலை வரை

பெருங்குடலிலோ மலக்குடலிலோ இருந்த புற்றுக்கட்டியை எடுத்துவிட்டு, மீதிக் குடலை இணைத்துத் தைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி என்ன கொடுப்பது? தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பார்க்க வரும் பெரியம்மா, "ஒரு மாசத்துக்கு நொய்க்கஞ்சியத் தவிர எதையும் கண்ணுல காட்டாத" என்பார். மாமா ஒருவர் நல்ல சத்து என்று மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்து வைப்பார். மீன், முட்டை கொடுத்தால் தையல் சீழ் வைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எல்லாரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே கேட்டால் நோயாளி எலும்பும் தோலுமாகிவிடுவார்.

நான் பார்த்த வீடுகளில், தப்பான பண்டத்தைத் தின்று கெட்டவர்களைவிடப் பயந்து பயந்து குறைத்துச் சாப்பிட்டு மெலிந்தவர்களே அதிகம். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். தையலுக்கு இதமாகவும் இருக்க வேண்டும், உடம்புக்குப் போதவும் வேண்டும். கீழே சொல்வதில் எதுவாவது உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் குடலை உள்ளே பார்த்தவர் அவர்.

வீடு திரும்புமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"குடல் ஆபரேஷன்" என்று ஒரே பெயரில் சொன்னாலும், எந்த இடத்தில் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துச் சாப்பாடு மாறும். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது பக்கத்தை எடுக்கும்போது சிறுகுடலின் கடைசித் துண்டும் சேர்ந்து போகும். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பும் பி12 வைட்டமினும் உறிஞ்சப்படும் இடம் அது. அதனால் கொழுப்பு சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு சிலருக்குத் தண்ணியாகப் போகும். இடது பக்கத்தை எடுத்தவர்களுக்குப் பொதுவாகத் தொல்லை குறைவு. மலக்குடலை எடுத்தவர்களுக்கு, சேர்த்து வைக்கும் இடமே சிறுத்துவிடுவதால், அடிக்கடி அவசரமாகப் போக வேண்டிவரும். சிறுகுடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்துப் பை வைத்திருந்தால் அது தனிக் கணக்கு. அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் இருக்கும். வார்டு நர்ஸிடமோ டியூட்டி டாக்டரிடமோ தமிழில் சொல்லச் சொல்லி, "எந்தப் பக்கம் எடுத்தீங்க, பை இருக்கா, அது எந்தக் குடல்ல இருக்கு, நார் இல்லாத சாப்பாடு எத்தனை வாரத்துக்கு" என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே தற்போதைய எடையையும் எழுதுங்கள். பிறகு வாரம் ஒருமுறை அதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் முதல் சில நாட்கள்

காற்று பிரியும்வரை வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படக்கூடாது என்பது பழைய முறை. இன்றும் பலர் மனதில் அதுதான் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, சீக்கிரம் தேற வைக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், சிக்கல் இல்லாதவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் வாய்வழி ஆகாரம் தொடங்குவது பாதுகாப்பானது என்று காட்டின. அறுவைக்குப் பின் சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். பெருங்குடல் விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே முதல் நாளே மருத்துவர் "கொஞ்சம் குடிக்கலாம்" என்றால் பயப்பட வேண்டாம். அவர் இன்னும் வேண்டாம் என்றால், பாவம் பசிக்கிறதே என்று ஒளித்து ஒரு வாய் கொடுக்கவும் வேண்டாம்.

தொடக்கம் வெந்நீர், தெளிந்த ரசம், வடித்த கஞ்சித் தண்ணீர். வாய் வாயாக, நிமிர்ந்து உட்கார்ந்து. அது நின்றால் மோர், நன்றாகக் கரைத்த ஜவ்வரிசிக் கஞ்சி, பிறகு இட்லி, குழைந்த சாதம். சூயிங்கம் மெல்வது குடலைத் தூண்டும் என்பதால் சில மருத்துவமனைகளில் அதையே கொடுக்கிறார்கள். காபி குடித்தவர்களுக்கு முதல் மலம் சீக்கிரம் வந்தது என்று ஜெர்மனியிலிருந்து 2012இல் வந்த ஆய்வும் உண்டு. கும்பகோணத்துக்காரர்களுக்கு இது நல்ல சேதிதான், ஆனால் திக்கான பாலில் போட்ட டிகிரி காபி இப்போது வேண்டாம், பால் குறைத்து அரை டம்ளர் போதும். மெல்ல வேண்டுமே என்று வெற்றிலை பாக்கு மட்டும் கூடாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

ஒரு வாய் விழுங்கியதும் குமட்டல், வயிறு உப்பல், விக்கல் தொடர்ந்தால் நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். குடல் இன்னும் எழவில்லை என்று அர்த்தம். எழுந்து நாலு எட்டு நடப்பதும் குடல் எழ உதவும்.

வீட்டில் முதல் இரண்டு வாரம்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் பால் அல்லது மோர். எட்டு மணிக்கு இரண்டு இட்லியோ இடியாப்பமோ. பதினொரு மணிக்கு முட்டை. ஒரு மணிக்குக் குழைந்த சாதத்தில் பருப்பு, சுரைக்காய். நாலு மணிக்குக் கனிந்த வாழைப்பழம். ஏழு மணிக்கு ரவா கஞ்சியோ தயிர் சாதமோ. தூங்கப்போகும் நேரத்தில் வயிறு நிறைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். பல்செட் சரியாகப் பொருந்தாதவர்களுக்கு மசித்தே கொடுங்கள்.

அரிசி விஷயத்தில் டெல்டாவில் ஒரு வம்பு இருக்கிறது. பாரம்பரிய நெல் திரும்பி வந்ததில் எனக்கும் பெருமைதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் விளையும் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் நல்ல அரிசி. அவற்றின் நன்மை தவிட்டில் இருக்கிறது, அந்தத் தவிடுதான் இப்போது ஆகாது. தையல் போட்ட இடம் வீங்கிக் குறுகியிருக்கும். நார் அங்கே தேங்கினால் வலி, அடைப்பு. ஆகவே நாலிலிருந்து ஆறு வாரத்துக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, பொன்னியோ கிச்சிலிச் சம்பாவோ, குழைய வேகவைத்துக் கொடுங்கள். மாமா வாங்கி வந்த அரிசியை டப்பாவில் போட்டு வையுங்கள், அதற்கு வேளை வரும்.

இப்போது மிக முக்கியமான விஷயம், புரதம். அறுவைக்குப் பின் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு டம்ளர் நொய்க்கஞ்சியில் இருப்பது சுமார் 2 கிராம்தான். நாள் முழுக்க ஐந்து டம்ளர் குடித்தாலும் 10 கிராமைத் தாண்டாது. கஞ்சியை மட்டுமே நம்பினால் தையல் ஆற வேண்டிய சரக்கை உடம்பு தன் சொந்தத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கால் மெலிவதும், எழுந்து நிற்கத் தள்ளாடுவதும் அதனால்தான்.

ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பசும்பாலில் ஆறுக்குக் கொஞ்சம் மேலே. 100 கிராம் மீனில் 18 முதல் 20. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் துவரம்பருப்பில் 7. இதை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடலாம்: இரண்டு முட்டை, 150 கிராம் மீன், 400 மில்லி பாலும் தயிருமாக, ஒரு கைப்பிடி பருப்பு, கூடவே இட்லியும் சாதமும் தரும் புரதம். கிட்டத்தட்ட 75, 80 வந்துவிடும். சைவ வீடுகளில் பால், தயிர், பன்னீர், நன்றாகக் கடைந்த பாசிப்பருப்பு. பன்னீர் 100 கிராமில் 18 கிராம் வரை இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவுக்குப் போகுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மீன், முட்டை சீழ் வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தையலில் சீழ் வைப்பது கிருமியால். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தாலும், புகைபிடித்தாலும், சத்து குறைந்தாலும் அது கூடும். விரால், சங்கரா, கிழங்கான் போன்ற மீன்களை முள் எடுத்து, மிளகு, மஞ்சள் மட்டும் போட்டு அவித்துக் கொடுங்கள். மென்மையான சதை, குடலுக்குச் சிரமமே இல்லை. கருவாட்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பத்தியத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் உண்டு: காரம் குறைப்பது, குழைய வேகவைப்பது, புதுசாக ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது. அந்த வரைக்கும் நம் பாட்டிமார் சொன்னது சரியே.

பாலைக் குடித்ததும் வயிறு பொருமினால் கவலை வேண்டாம். சிலருக்கு அறுவைக்குப் பின் சில வாரம் பால் சர்க்கரை செரிக்காது. தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. கஞ்சி, ஜவ்வரிசி, பழம் எல்லாமே சர்க்கரையை ஏற்றும். அதற்காகப் பட்டினி போடாதீர்கள், கஞ்சியோடு முட்டையோ தயிரோ சேருங்கள், வீட்டிலேயே சோதித்து எழுதி வையுங்கள், மருந்து அளவை மருத்துவர் மாற்றட்டும். சாப்பாடு குறைந்த நாளில் பழைய அளவு இன்சுலினைப் போட்டுத் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவது நடக்கக்கூடிய ஆபத்து.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை

ஒரு நாளில் ஒரே ஒரு புதுப் பண்டம், அதுவும் மதியத்தில், இரண்டு ஸ்பூன் அளவு. மறுநாள் வரை காத்திருங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த முறை கூட்டுங்கள். ஒத்துக்கொள்ளாததை நோட்டில் எழுதி வைத்து, சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒருமுறை தொல்லை கொடுத்ததால் ஆயுசுக்கும் ஒதுக்க வேண்டியதில்லை.

காய்களில் சுரையோடு பீர்க்கு, புடலை, பூசணி ஆகியவற்றைத் தோலும் விதையும் நீக்கி முதலில் கொண்டு வரலாம். அப்புறம் கேரட், பீட்ரூட், உருளை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்து வந்தால் ரத்தம் என்று பதறாதீர்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், கட்டவும் செய்யும். அதைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது.

தள்ளி வைக்க வேண்டியவை நம் ஊரில் கண்ணுக்கு எதிரே இருப்பவையே: வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காயின் சக்கை, கீரைத்தண்டு, சோளம், காளான், வேர்க்கடலை, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல். தை மாதத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் பனங்கிழங்கும் கரும்பும் குவிந்திருக்கும். இரண்டும் நாரின் உச்சம், அந்தப் பொங்கலுக்கு வேண்டாம். தேங்காய்த் துருவலைப் பற்றி யாருமே எச்சரிப்பதில்லை. பொரியல், கூட்டு, சட்னி எல்லாவற்றிலும் நாம் போடுவதால் அது கண்ணுக்கே தெரிவதில்லை. அரைத்துப் பிழிந்த தேங்காய்ப்பாலை, ஒத்துக்கொண்டால், சேர்க்கலாம். துருவலாக வேண்டாம்.

வலிக்கு டிராமடால் போன்ற மாத்திரை எடுக்கும்போது மலம் இறுகினால், உடனே நாரைக் கூட்டுவதோ வீட்டு வைத்தியப் பேதி மருந்தோ வேண்டாம். தண்ணீர் போதுமா என்று பாருங்கள், மருத்துவரிடம் மலம் இளக்கும் மருந்து கேளுங்கள்.

வயிற்றில் பை இருந்தால்

பை சிறுகுடலில் வைத்ததா பெருங்குடலில் வைத்ததா என்பதுதான் முதல் கேள்வி. பெருங்குடல் பை என்றால் மேலே சொன்னதையே பின்பற்றலாம். சிறுகுடல் பை என்றால் உப்பும் தண்ணீரும் பறிபோகும், ஏனென்றால் நாளுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரைத் திரும்ப உறிஞ்சும் பெருங்குடலுக்கு உணவு போய்ச் சேர்வதே இல்லை.

பையில் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் அது அதிகம். அப்போது தாகத்துக்கு வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இன்னும் உப்பை இழுத்துக்கொண்டு வெளியே போகும். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்காது. இளநீரும் இதற்கு மாற்று இல்லை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, நமக்குக் குறைவது சோடியம். சித்திரை வைகாசி வெயிலில் உறவினர் அன்பாக வெட்டித் தரும் இளநீரை மட்டும் நம்பிச் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை இந்த அறியாமையில்தான் வருகிறது. மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்தது என்று அச்சிட்ட ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைப் பொடி) பாக்கெட் வாங்கி, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து, நாள் முழுக்க வாய் வாயாகக் குடியுங்கள். பழச்சுவை போட்டு அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்பு பானங்கள் வேறு. சாப்பாட்டில் உப்பைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான நோய் இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் நம் வழக்கம் இங்கே நன்றாக உதவும்.

சாப்பிடும்போது தண்ணீரைக் குறைத்து, அரை மணி முன்னும் பின்னும் குடியுங்கள். வெள்ளைச் சாதம், அவல், வாழைப்பழம், ஜவ்வரிசி, உருளை ஆகியவை போவதைத் திக்காக்கும். வெங்காயம், பூண்டு, மீன், முட்டை நாற்றத்தைக் கூட்டும். அதற்காக முட்டையை நிறுத்தாதீர்கள், மோர் கொஞ்சம் அடக்கும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தால் நடுராத்திரியில் பையைக் காலி செய்ய எழுவது குறையும். மேலே சொன்ன தேங்காய்த் துருவல், காளான், சோளம், வேர்க்கடலை இவையெல்லாம் பைக்காரர்களுக்குக் குடல்வாயையே அடைக்கக்கூடியவை. பல மணி நேரமாகப் பையில் எதுவும் விழாமல் வயிறு முறுக்கி வலித்தால் காத்திருக்காதீர்கள்.

மலக்குடல் எடுத்தவர்களுக்கு

ஒரு மணி நேரத்தில் நாலு தடவை போவது, போய் வந்த உடனே மறுபடி போக வேண்டும் போல் இருப்பது, காற்றா மலமா என்று தெரியாமல் தவிப்பது. இதைப் பற்றி வாய்விட்டுப் பேச வெட்கப்பட்டு, மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் பஸ் ஏறவே பயந்து, வெளியே போகாமலும் சாப்பிடாமலும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். இது பலருக்கும் வருவது, பெயரும் சிகிச்சையும் உள்ளது. படிப்படியாகக் குறையும், சிலருக்கு ஒன்று இரண்டு வருடம்கூட ஆகும். காபி, காரம், எண்ணெய்ப் பலகாரம் குறைத்து, வாழைப்பழம், ஓட்ஸ் போன்ற குழையும் நாரை மெல்லச் சேர்த்தால் மலம் ஒன்றுசேரும். பயண நாளில் காலை ஆகாரத்தை முன்னதாக முடித்து, போய்வந்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டினி கிடந்து கிளம்பாதீர்கள். மலம் போவதை மெதுவாக்கும் லோபரமைடு மாத்திரை பலருக்கு உதவும், மருத்துவர் சொன்ன அளவில். இடுப்புத்தள தசைக்கான பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள்.

வலது பக்கக் குடல் எடுத்து, எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டதும் தண்ணியாகப் போகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பித்த உப்பைக் கட்டும் மருந்து இருக்கிறது. பி12 அளவையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது சமையலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, கல்லாக உப்பிய வயிறு, தொடர் வாந்தி, காற்றும் மலமும் அடியோடு நிற்பது, படபடப்பு, சிறுநீர் கறுத்துக் குறைவது, மலத்தில் நிறைய ரத்தம். முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் வலியும் சேர்ந்து வந்தால், உள்ளே தையல் கசிவாக இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். முடிந்தால் அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள்.

கீமோ தொடங்கும்போது

தேவைப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் அறுவையிலிருந்து 4 முதல் 8 வாரத்துக்குள் கீமோ எனும் புற்றுநோய் மருந்து சிகிச்சை தொடங்கும். அந்தத் தேதிக்குள் உடம்பு தேற வேண்டும் என்பதற்காகவும்தான் மேலே புரதக் கணக்கு. கீமோ மருந்துகளில் ஒன்றான ஆக்ஸாலிப்ளாட்டின் ஊசி போட்ட சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது. தொண்டை இறுகும், விரல் மரத்துச் சுருக்கென்று குத்தும். பானைத் தண்ணீர்கூட வேண்டாம், வெதுவெதுப்பாகக் குடியுங்கள். கேபசிடபின் என்ற கீமோ மாத்திரையைச் சாப்பிட்ட அரை மணிக்குள் விழுங்க வேண்டும். அதோடு ஃபோலிக் அமிலம் உள்ள சத்து மாத்திரைகளைத் தானாக எடுத்தால் பக்கவிளைவு கூடும். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறையும் நாட்களில் இரவெல்லாம் ஊறிய பழையதும் நீராகாரமும், ரோட்டோரக் கரும்புச்சாறும், வெட்டி வைத்த பழமும் வேண்டாம். சூடாகச் சமைத்து உடனே சாப்பிடுவதே நல்லது.

ஆறு வாரத்துக்கு அப்புறம்

மருத்துவர் சரி என்றதும் நாரைத் திரும்பக் கொண்டு வர வேண்டும், ஏனென்றால் நீண்ட நாளில் குடலுக்கு அதுதான் காவல். டப்பாவில் வைத்த மாப்பிள்ளைச் சம்பாவை இப்போது எடுங்கள். வெள்ளை அரிசியோடு நாலில் ஒரு பங்கு கலந்து, நன்றாக ஊறவைத்து, குழைய வேகவைத்து. ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் பாதிப் பாதி. கீரையை நறுக்கி மசித்து, பயறுகளை ஊறவைத்துத் தோல் நீக்கி, அதன் பிறகு வாழைத்தண்டைப் பொடியாக அரிந்து நார் எடுத்து. சிறுகுடல் பை இருப்பவர்கள் பை மூடும்வரை இந்தப் படிக்கு அவசரப்பட வேண்டாம்.

ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வாரத்துக்கு, சமைத்த எடையில், 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது, சாஸேஜ், பேக்கன் எல்லாம் இதில் வரும். சாராயத்தைத் தொட வேண்டாம்.

கல்யாண வீட்டுக்கும் தாராளமாகப் போகலாம். இலையில் சாதம், பருப்பு, ரசம், மோர், உருளைப் பொரியல், பாயசம் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்பளம் ஊறவைத்துச் சாப்பிடலாம். வடையும் தேங்காய் தூவிய கூட்டும் சில மாதம் பொறுக்கட்டும். இரண்டாம் பந்திவரை காத்திருந்து பசியோடு வாரிப் போட்டுக்கொள்ளாமல் முதல் பந்தியிலேயே உட்காருங்கள், பரிமாறுபவரிடம் "குறைச்சலா வைங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மெல்ல மென்று சாப்பிடுங்கள்.